மனநோய்களின் வகைகள்: பழவேற்காட்டு மீனவக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து எமது மனநலப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் ஒரே சொல்லைக் கூறி நோயாளியை எம்முன் அமர்த்துகின்றனர். "நரம்புத் தளர்ச்சிங்க" என்பதே அச்சொல். நான்கு இரவுகளாக உறங்காமல், புதுப் படகு வாங்கப் போவதாக ஊரெல்லாம் பேசித் திரியும் இளைஞருக்கும் அதே சொல். மூன்று வாரங்களாக அடுப்பு மூட்டாமல் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் அதே சொல். குடியை நிறுத்திய மூன்றாம் நாளில் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கூறும் நடுவயதினருக்கும் அதே சொல்.

இம்மூவருக்கும் வந்திருப்பவை மூன்று வெவ்வேறு நோய்கள். அந்தப் பெண்ணுக்குப் பயன்தரும் மருந்தை இளைஞருக்குத் தனியே கொடுத்தால் அவருடைய நோய் மேலும் முற்றக்கூடும். மூன்றாமவர் அன்றே மருத்துவமனையில் சேர்க்கப்படாவிட்டால் உயிரிழக்கவும் கூடும். ஆகவே, மனநோய்களை வகை பிரித்து அறிவது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய வேலையன்று. எந்த நோயாளியை இன்றே வண்டியேற்ற வேண்டும், யாரை அடுத்த வாரம் அழைத்து வரலாம் என்று முடிவு செய்பவர்கள் குடும்பத்தினரே. (இங்கே வரும் எடுத்துக்காட்டுகள் எந்தத் தனி மனிதரையும் குறிப்பன அல்ல, பலரிடம் பலகாலம் கண்டவற்றின் தொகுப்பு.)

நோயின் பெயரைக் கேட்பதற்கு முன்பே குடும்பத்தினர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தொழிலுக்குப் போகலாமா?" ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிடும் பாடு முறை நிலவும் ஊர்களில், தமக்குரிய முறை வரும் நாளைத் தவறவிடுவது பெரும் இழப்பு. எனவே அக்கேள்வியை நாங்கள் சிறிதாக எண்ணுவதில்லை. அதற்கு விடையும் நோயின் வகையைப் பொறுத்தே அமையும்.

பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அக்காலத்தில் ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது என்பது அதன் முடிவு. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் பெற்றிருக்கவில்லை. இதே விகிதம் நம் பகுதிக்கும் பொருந்தும் எனக் கொண்டால், வயது வந்தோர் 200 பேர் வாழும் ஒரு குப்பத்தில் ஏறத்தாழ 20 பேர் இந்நோய்களுள் ஒன்றோடு வாழ்கின்றனர். ஊரார் "மறை கழன்றவர்" என்று சுட்டுவது அவர்களுள் ஒருவரையோ இருவரையோ மட்டுமே. மற்றவர்கள் வலை இழுத்துக்கொண்டும் மீன் விற்றுக்கொண்டும் நம்மிடையே இருக்கின்றனர்.

முதலில், மனநோய் அல்லாதவை

நேற்று வரை தெளிவாக இருந்த ஒருவர் இன்று திடீரென ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினால், அதுவும் முதியவராக இருந்தால், அதை மனநோய் என்று எண்ணிக் காத்திருக்கலாகாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சர்க்கரை மிகவும் குறைதல், உடலில் உப்புச் சத்துக் குறைதல், தலையில் அடிபடுதல் போன்றவற்றால் மூளை தற்காலிகமாகத் தடுமாறுகிறது. இது பொது மருத்துவப் பிரிவில் உடனே பார்க்க வேண்டிய அவசர நிலை. சில மணி நேரத்தில் தோன்றி, பகலில் சற்றுத் தெளிந்து, இரவில் மோசமாவது இதன் இயல்பு.

வலிப்பு நோயும் மனநோய் அன்று. அது மூளையின் மின்னோட்டம் சார்ந்தது. நரம்பியல் மருத்துவம் அதற்குத் தனியே உண்டு. கையில் இரும்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. தானே அடங்கும் நேரத்தில் இரும்பு கையில் இருக்கிறது, அவ்வளவே. வலிப்பு முற்றிலும் கட்டுக்குள் வரும்வரை அந்நோயாளி படகில் ஏறுவதும், ஏரியில் தனியே இறங்குவதும் கூடாது. இடுப்பளவு நீரே போதும், உயிர் போக.

திருவிழாவில் ஒருவர் மேல் சாமி வருவதைப் பற்றியும் அடிக்கடி கேட்கின்றனர். வழிபாட்டு வேளையில் வந்து, அது முடிந்ததும் நீங்கி, அவர் மறுநாள் வழக்கம்போல வேலைக்குச் செல்வாரானால் அதில் மருத்துவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கோயிலுக்கு வெளியே, நேரங்காலமின்றி, அவருக்கே துன்பம் தரும் வகையில் அது நிகழ்ந்தால் அழைத்து வாருங்கள். அத்தகையோருள் பலர், குறிப்பாக இளம்பெண்கள், வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு துயரைச் சுமப்பவர்களாக இருக்கின்றனர்.

மனச்சோர்வும் பதற்றமும்

மிகுதியாகக் காணப்படும் மனநோய்கள் இவை இரண்டே. ஆனால் மிகக் குறைவாக அடையாளம் காணப்படுபவையும் இவையே. ஏனெனில் இந்நோயாளிகள் மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடல் வலி, தலை பாரம், நெஞ்சு எரிச்சல், பசியின்மை, "கை கால் அசதி" என்று சொல்லியே வருகின்றனர். சத்து ஊசி போட்டும், குளுக்கோஸ் ஏற்றியும் சில மாதங்கள் கழிந்த பின்னரே எம்மிடம் வருவோர் பலர்.

முகத்துவாரம் மணல் மூடி மீன்வரத்துக் குன்றும் காலத்தில், வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது, எவருக்கும் கவலை வரும். அது நோயன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு கிடப்பதும், முன்பு மகிழ்ச்சி தந்தவை எதிலும் நாட்டம் இல்லாமற் போவதும், விடியற்காலையிலேயே விழிப்பு வந்து பின் உறங்க இயலாமையும், தன்னைத் தானே பழித்துக்கொள்வதும் சேர்ந்து வரும்போது அதை மனச்சோர்வு நோய் என்கிறோம். கவலைக்குக் காரணம் இருக்கிறதே என்று குடும்பத்தினர் வாதிடுவதுண்டு. காரணம் இருப்பதால் நோய் இல்லையென்று ஆகிவிடாது. மழையில் நனைந்ததால் காய்ச்சல் வந்தது என்று சொல்பவரும் காய்ச்சலுக்கு மருந்து உண்கிறார் அல்லவா?

பதற்ற நோய் வேறு வடிவில் வரும். கணவர் கடலுக்குச் சென்று திரும்பத் தாமதமானால் மனைவி கலங்குவது இயல்பு. அவர் கரையேறி வீட்டில் உறங்கும் இரவிலும் அதே கலக்கம் நீடித்தால் அது பதற்ற நோயாக இருக்கலாம். சிலருக்குத் திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை மரத்து, இப்போதே உயிர் போய்விடும் என்ற அச்சம் எழும். சில நிமிடங்களில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கும். இதைப் பீதித் தாக்கு என்பர். முதல் முறை வரும்போது இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வதே முறை. இதயம் நலமென்று உறுதியான பின்னும் மீண்டும் மீண்டும் ஈசிஜி எடுப்பதில் பணம் செலவாகுமேயன்றி நோய் தீராது.

இவ்விரண்டிற்கும் பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல் மட்டுமே தெரியும். பலர் அத்தோடு நிறுத்திவிடுகின்றனர். நலமடைந்த பின்னும் குறைந்தது ஆறு மாதங்களேனும் தொடர வேண்டும். இம்மாத்திரைகள் போதைக்கு அடிமையாக்குவன அல்ல. ஆயினும் நிறுத்தும்போது மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். அடிமையாக்கக்கூடியவை வேறு: தூக்கத்துக்கெனக் கொடுக்கப்படும் அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை. குறுகிய காலத்துக்கென்று நாங்கள் எழுதித் தந்த பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஆண்டுக்கணக்கில் அவற்றை வாங்கி உண்போரைக் காண்கிறோம். இதை அன்போடு அல்ல, கண்டிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது: அவ்வாறு செய்யாதீர்கள். பல மாதங்களாக உண்டவர் ஒரே நாளில் அவற்றை நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம்.

தொழிலுக்குப் போகலாமா? மனச்சோர்வும் பதற்றமும் உடையோர் பெரும்பாலும் போகலாம், போவது நல்லதும்கூட. புதிய மாத்திரை தொடங்கிய முதல் சில நாள்களில் உறக்கம் மயக்குகிறதா என்று கரையிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

உறக்கம் குலைந்தால் எழும் நோய்

முதலில் கூறிய இளைஞருக்கு வந்திருப்பது இருதுருவ மனநிலைக் கோளாறு. இந்நோயில் ஒரு பருவம் மனஎழுச்சி, மற்றொரு பருவம் மனச்சோர்வு. இடையில் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ முழு நலம். எழுச்சிக் காலத்தில் இரண்டு மணி நேர உறக்கமே போதுமென்று தோன்றும், பேச்சு ஓடும், கைப்பணம் கரையும், தடுப்பவர் மேல் கோபம் பாயும். தம்மைப் போல் நலமானவர் உலகில் இல்லையென்று நோயாளி எண்ணுவதால் அவர் தாமாக மருத்துவமனைக்கு வரமாட்டார். கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதும், படகை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுவதும் இக்காலத்திலேதான். பணமும் பத்திரமும் வீட்டில் நம்பகமான வேறொருவர் கையில் இருக்கட்டும்.

மீனவக் குடும்பங்களுக்கு இந்நோயைப் பற்றி விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறக்கம் குறைவது இந்நோயின் அறிகுறி மட்டுமன்று. பல நோயாளிகளிடம் எழுச்சியைத் தூண்டிவிடுவதே உறக்கக் குறைவுதான். இரவில் வலை விரித்து விடியலில் கரையேறும் தொழில் இந்நோயாளியின் மூளைக்கு ஒவ்வாதது. ஆகவே நோய் அடங்கிய பின்னும் தொடர்ச்சியான இரவுத் தொழிலை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பகல் தொழில், வலை செப்பனிடுதல், ஏலத்தில் கணக்கெழுதுதல் என்று மாற்றிக்கொண்டு பல ஆண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்வோர் உள்ளனர். தொழிலை விடச் சொல்கிறார்களே என்று வருந்த வேண்டாம். நாங்கள் கேட்பது இரவை மட்டுமே.

அடுத்தது லித்தியம். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை வெளிப்படுத்தினார். இன்றளவும் இந்நோய்க்கு மிகச் சிறந்த மருந்துகளுள் இது ஒன்று. இது உப்பு வகையைச் சேர்ந்தது. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும்; இரத்தத்தில் அதன் அளவு நஞ்சாகும் எல்லைக்கு உயரும். கொளுத்தும் வெயிலில் நீர் அருந்தாமல் பல மணி நேரம் படகில் இருப்பவருக்கும், சேற்றில் நின்று இறால் தடவும் பெண்களுக்கும், வயிற்றுப்போக்கு கண்டவருக்கும் இந்த ஆபத்து உண்டு. லித்தியம் உண்போர் படகில் போதுமான குடிநீரை எடுத்துச் செல்ல வேண்டும். இரத்த அழுத்தம் என்று யாரோ சொன்னார்கள் என உணவில் உப்பைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. தோள்வலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் மாத்திரைகளை வாங்கி உண்ணக் கூடாது. வலி மிகுந்தால் பாராசிட்டமால் போதும். நீர் பிரியத் தரப்படும் மாத்திரைகளையும் எங்களைக் கேளாமல் தொடங்கலாகாது. கை கடுமையாக நடுங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக் குழறல், நடை தள்ளாடல் ஆகியவை தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள். குடிக்காதவர் குடித்தவரைப் போலத் தள்ளாடுகிறார் என்றால் அதைக் குடும்பத்தினரே முதலில் கவனிக்க இயலும். குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வதும் இதற்காகவே. அதைத் தவிர்ப்பவருக்கு நாங்கள் இம்மருந்தைத் தருவதில்லை.

மனச்சிதைவு நோய்

ஸ்கிசோஃப்ரினியா என்று சீட்டில் எழுதப்படும் இந்நோய் பெரும்பாலும் 15 முதல் 30 வயதிற்குள் தொடங்குகிறது. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். அக்குரல் நோயாளியைப் பற்றிப் பேசும், ஏசும், சில வேளை கட்டளையிடும். அண்டை வீட்டார் செய்வினை வைத்ததாக, சோற்றில் ஏதோ கலந்ததாக அசையாத ஐயம் எழும். அந்த ஐயத்தை வாதிட்டு வெல்ல முடியாது. "நீ சொல்வது பொய்" என்று மறுக்கவும் வேண்டாம், "ஆமாம்" என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "உனக்கு அப்படித் தோன்றுவது எவ்வளவு அச்சமாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது" என்று சொன்னால் போதும்.

குரலும் ஐயமும் ஊரார் கண்ணில் படுபவை. கண்ணில் படாத மற்றொரு பகுதி உண்டு: குளிக்காமை, பேசாமை, எதிலும் முனைப்பின்மை. மருந்தால் குரல்கள் அடங்கிய பின்னும் இவை நீடிக்கலாம். அப்போது, "நோய் போய்விட்டது, இனி சோம்பேறித்தனம்தான்" என்று ஏசத் தொடங்குகின்றனர். இதுவும் நோயின் பகுதியே. ஓயாத ஏச்சும் குறைகூறலும் உள்ள வீட்டில் நோய் விரைவில் திரும்புகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. சிறு சிறு வேலைகளாகக் கொடுத்து, செய்ததைப் பாராட்டி, மெல்ல முன்னேற்றுவதே வழி.

திருமணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் அழியவில்லை. எந்த மனநோய்க்கும் திருமணம் மருந்தன்று. நோயை மறைத்துச் செய்து வைக்கும் திருமணத்தால், ஒரு வீட்டில் இருந்த துன்பம் இரண்டு வீடுகளுக்குப் பரவுகிறது. நோய் அடங்கி, மருந்தும் தொடர்ந்து, மறைக்காமல் பேசி முடித்த திருமணங்கள் நன்றாக நடப்பதையும் காண்கிறோம்.

இந்நோய் தீராது என்று மனம் தளர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் அம்மையார் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், முதன்முறையாக இந்நோயுற்ற 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து பல்லாண்டுகள் விடாமல் தொடர்ந்து கண்காணித்தனர். பத்தாண்டு முடிவில் அவர்களுள் பெரும்பாலோரின் நோய் நன்கு அடங்கியிருந்தது. நம் ஊரைப் போன்ற ஊர்களில், நம்மைப் போன்ற குடும்பங்களில் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆனால் நோய் தொடங்கியதற்கும் மருந்து தொடங்கியதற்கும் இடையில் கழியும் காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது.

அந்த இடைக்காலம் பெரும்பாலும் வழிபாட்டுத் தலங்களில் கழிகிறது. கோயிலுக்கும் தர்காவுக்கும் பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்திற்கும் செல்வதை நாங்கள் தடுப்பதில்லை. மனத்திற்கு அது தரும் தெம்பு மெய்யானது. தடுப்பது இரண்டை: மருந்தை நிறுத்தச் சொல்வதையும், கட்டி வைப்பதையும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தனர். தப்பி ஓட அவர்களுக்குக் கால்கள் இருந்தன, சங்கிலி விடவில்லை. பின்னாளில் அதே ஏர்வாடித் தர்காவில் தொழுகையோடு மனநல மருந்தும் கிடைக்க அரசு வழி செய்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, எவ்வகையிலும் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. கட்ட வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு ஒருவர் கலவரமுற்றிருந்தால், அது ஊசி மருந்து தேவைப்படும் வேளை, 108ஐ அழையுங்கள்.

இந்நோய்க்கான முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் 1950களின் தொடக்கத்தில் வந்தது. இன்றும் பயன்படுகிறது, ஆனால் இதை உண்போரின் தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும். வெயிலில் தொழில் செய்பவர் என்பதை மறவாமல் எங்களிடம் சொல்லுங்கள். வேறு மருந்து தர இயலும். தினமும் மாத்திரை உண்ண மறப்பவர்களுக்கும் மறுப்பவர்களுக்கும் இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிகள் உள்ளன. குரல்கள் அடங்கி, மருந்தின் மயக்கமும் குறைந்த பின் இந்நோயாளியும் படகில் போகலாம். தனியே மட்டும் வேண்டாம். நோயை அறிந்த உறவினர் ஒருவர் உடன் இருக்கட்டும், மிதவைச் சட்டையும் இருக்கட்டும்.

மது: நிறுத்தும் நாளே ஆபத்தான நாள்

மதுச்சார்பை ஒழுக்கக் கேடாக மட்டுமே பார்ப்பதால் அது மனநோய்ப் பட்டியலில் இருப்பதே பலருக்கு வியப்பளிக்கிறது. குளிரும் அலையும் உடல்வலியும் சேர்ந்த தொழிலில் குடி மருந்துபோல நுழைகிறது. அளவு கூடிக்கொண்டே போதல், காலையில் எழுந்ததும் கை நடுக்கத்தை அடக்கக் குடித்தல், குடும்பமும் உடலும் கெடுவதை அறிந்தும் விட இயலாமை ஆகியவை வந்துவிட்டால் அது நோய். மனவுறுதி இல்லாதவர் என்று ஏசுவதால் அது தணிவதில்லை.

இங்கே நாங்கள் வலியுறுத்த விரும்புவது, பலகாலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்துவதன் ஆபத்தை. கோயிலுக்கு மாலையிடும்போதும், கையில் காசில்லாதபோதும், கால் முறிந்து வேறு மருத்துவமனையில் படுத்திருக்கும்போதும் இது நேர்கிறது. முதல் நாளில் நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் சிலருக்குச் சன்னி காணும். ஆள் தெரியாது, பூச்சியும் பாம்பும் தெரியும், காய்ச்சல் அடிக்கும், நாடி விரையும். சிகிச்சையின்றி விட்டால் மரணம் நேரக்கூடும். குடிக்காமல் இருப்பதால் பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கொண்டுபோன நேரத்தில் இழந்த உயிர்கள் உண்டு.

நிறுத்த வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்துங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். மருத்துவரிடம் கடைசியாகக் குடித்தது எப்போது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சோற்றைக் குறைத்து மதுவில் வாழ்ந்தவரின் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றியிருக்கும்; அதை ஊசியாகச் செலுத்தாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை மேலும் பாதிக்கப்படலாம். அதனால்தான் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்புங்கள்" என்ற வேண்டுகோளுக்கு நாங்கள் தயங்குகிறோம். குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்துகளை விளம்பரம் கண்டு வாங்காதீர்கள். அவற்றுள் டைசல்ஃபிராம் கலந்திருந்தால், அதன் மேல் மது அருந்தியவர் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்குப் போராட நேரிடும்.

வேறு சில

குழந்தை பெற்ற முதல் சில வாரங்களில் தாய்க்கு உறக்கம் கெட்டு, குழப்பமும் பொருந்தாப் பேச்சும் தோன்றினால் அது அவசர நிலை. தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து உண்டு, விரைவில் முழுமையாகக் குணமாகும் வாய்ப்பும் மிகுதி. கை கழுவியதையே மீண்டும் மீண்டும் கழுவுவதும், பூட்டிய கதவைப் பலமுறை சரிபார்ப்பதும் எண்ணச் சுழற்சி நோய். பைத்தியம் என்று அஞ்சிப் பல ஆண்டுகள் மறைக்கின்றனர், ஆனால் சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய் இது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்டவர்களுள் சிலருக்கு, கடல் சற்று உள்வாங்கினாலே அந்த நாள் கண்முன் மீண்டும் நடக்கிறது. அதற்கும் பெயரும் மருத்துவமும் உண்டு. முதியவரின் மறதி நோயைப் பற்றியும், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பற்றியும் தனியே எழுதுவதே தகும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்

மேற்கூறிய எந்த நோயிலும் இந்த எண்ணம் வரலாம். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றாது. பெரும்பாலோர் யாராவது கேட்டார்களே என்று ஆறுதல் அடைகின்றனர். தோன்றுகிறது என்றால், அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள நச்சுப் பொருள்களையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு அழைத்து வாருங்கள். முயன்று பிழைத்தவரைப் போலீஸ் வழக்குக்கு அஞ்சி மறைப்பவர்கள் இன்னும் உள்ளனர். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து விலக்கி, பராமரிப்பு அளிக்கும் கடமையை அரசின் மேல் வைக்கிறது.

எங்கே செல்வது

14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் முதல் இரவும் பகலும் இயங்குகிறது; தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா அமைப்பு தற்கொலை எண்ணம் உள்ளோருக்குச் செவிசாய்க்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் பார்க்கும் நாளைப் பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ கேட்டறியலாம். தீவிர நோய்க்குக் கீழ்ப்பாக்கத்திலுள்ள அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 1794இல் தோன்றிய அந்நிறுவனத்தின் பெயரைக் கேட்டாலே நம்மவர்கள் அஞ்சுவர், ஆயினும் இன்று அங்குப் புறநோயாளிகளாக வந்து மருந்து பெற்று அன்றே வீடு திரும்புவோரே மிகுதி.

வரும்போது மூன்றைக் கொண்டு வாருங்கள்: இதுவரை உண்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகள், நாட்டு மருந்தும் சேர்த்து, நோய் எப்போது, எப்படித் தொடங்கியது என்பதை நேரில் கண்ட ஒருவர், நோயாளி கடைசியாக நன்றாக உறங்கிய இரவு எது என்ற விவரம். அவர் எந்நேரத்தில் தொழிலுக்குச் செல்பவர், ஏரியிலா கடலிலா, தனியாகவா துணையோடா என்பதையும் சொல்லுங்கள். எந்த மாத்திரையை எந்த வேளையில் எழுதுவது என்பதை அதைக் கேட்ட பின்னரே நாங்கள் முடிவு செய்கிறோம்.